பாடாமல் விட்ட பாடல்

திரைப்படம் என்றதும் முகம் சுளிக்கும் பக்தர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. நாமும் நெடுங்காலம் அவர்களுள் ஒருவராய் இருந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுவது நன்று. திரைப்பாடல் என்றால் அது உலகத்தின் பாடல். கோயிற்பாடல் என்றால் அது இறைவனின் பாடல். இவ்விரண்டிற்கும் நடுவே நாம் எழுப்பியிருந்த மதில் உயரமானது. அதில் ஒரு சாளரமும் இல்லை. அண்மைக் காலத் திரைப்படங்கள் சிலவற்றில் இசை கையாளப்பட்டிருக்கும் விதம் அந்த மதிலில் எவ்வாறு ஒரு வாசலைத் திறந்தது என்பதையே இங்கு எழுத முற்படுகின்றோம். இது திரை விமர்சனம் அன்று. ஒருவகையில் இது ஒரு பாவசங்கீர்த்தனம்.

எம் பங்கின் பாடகர் குழுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆர்மோனியம் வாசித்து வருகின்றோம். காற்றடைத்த பழைய பெட்டி போய், மின்சாரத்தில் இயங்கும் கீபோர்டு வந்தபின்பும் அப்பொறுப்பு எம்மிடமே இருந்தது. இளைஞர்கள் புதிது புதிதாகப் பாடல்களை இயற்றிக்கொண்டு வருவார்கள். அவற்றுள் ஏதேனும் ஒன்றில் திரைப்பாடலின் சாயல் தென்பட்டால் போதும், "இது சினிமா மெட்டு, பீடத்துக்கு முன்னால் வேண்டாம்" என்று தள்ளிவிடுவோம். திருப்பலியைப் பொறுத்தவரை அம்முடிவை இன்றும் நாம் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பீடத்திற்கு உரிய அந்த விதியை நாம் வீட்டிற்குள்ளும், நோயாளியின் கட்டிலருகேயும் கொண்டு சென்றோமே, அங்கேதான் பிழை நேர்ந்தது.

எம் தமையனார் எம்மினும் ஒன்பது ஆண்டு மூத்தவர். தந்தையார் மறைந்தபின் தோளில் சுமந்து எம்மை வளர்த்தவர். என்ன காரணத்தாலோ இருபது ஆண்டுகளாக அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். கடவுளை மறுத்தவரல்லர், பகைத்தவரும் அல்லர். விலகியிருந்தார், அவ்வளவே. 2017 ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் அவர் நோயுற்றுப் படுக்கையில் விழுந்தபோது, மருத்துவர்கள் கைவிரித்து வீட்டிற்கு அனுப்பிவிட்டார்கள். பங்குத்தந்தை வந்து நோயிற்பூசுதல் அளித்தார். தமையனார் எதிர்ப்பேதும் சொல்லாமல், கண்களில் நீர் திரள, அதைப் பெற்றுக்கொண்டார். அன்று நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அதன் பின்பு ஒவ்வொரு மாலையும் அவர் கட்டிலருகே அமர்ந்து செபமாலை சொல்வதையும், அன்னை மரியாவின் பாடல்களைப் பாடுவதையும் எம் கடமையாகக் கொண்டோம்.

ஒரு மாலை, செபமாலையின் நடுவே அவர் எம் கையைத் தொட்டார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "தம்பி, அந்தப் பாட்ட ஒரு தடவ பாடேன்" என்றார்.

எந்தப் பாட்டு என்று நாம் கேட்கவில்லை. எமக்குத் தெரியும். நாங்கள் சிறுவர்களாய் இருந்த நாளில் கடற்கரையோரத் தேநீர்க்கடையின் வானொலியில் இலங்கை ஒலிபரப்பு அலையோசையோடு கலந்து வரும். கடைவாசலில் நின்று தமையனும் தம்பியுமாய்க் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த ஒரு பழைய படப்பாடல் அது. அதில் பக்தியும் இல்லை, பாவமும் இல்லை. நிலவும் தோணியும் ஏக்கமும் உண்டு. கடலுக்குச் சென்ற நாட்களில் துடுப்புப் போட்டுக்கொண்டே அவர் அதைப் பாடுவார்.

நாம் சொன்ன மறுமொழி இன்றும் காதில் ஒலிக்கின்றது. "செபமாலை முடியட்டும் அண்ணே."

செபமாலை முடிந்தது. அதன்பின் நாம் பாடியது அந்தப் பாடலை அன்று. வழக்கமான மாதா பாடலை. மரணப்படுக்கையில் இருக்கும் ஓர் ஆன்மா, இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்திருக்கும் ஓர் ஆடு, அதன் காதில் இந்நேரத்தில் சினிமாப் பாட்டா என்று எம் மனம் அஞ்சியது. அவர் கண்களை மூடிக்கொண்டார். இரவு பத்து மணிக்கு நாம் வீடு திரும்பினோம். விடியுமுன் ஆள் வந்து கதவைத் தட்டினார்கள்.

அடக்கத் திருப்பலியில் நாமே வாசித்தோம். எல்லாரும் பாராட்டினார்கள். நல்ல மரணம் என்றார்கள். உண்மைதான். ஆனால் எம் நெஞ்சின் ஒரு மூலையில் மட்டும், கேட்டும் கிடைக்காத அந்தப் பாடல் முள்ளாய்த் தைத்துக்கொண்டே இருந்தது. இதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லவும் இயலவில்லை. மரித்தவன் அருகில் மாதா பாடல் பாடினேன் என்பது எந்தக் கட்டளையை மீறிய பாவம்?

அடுத்த ஆண்டு, 2018 அக்டோபரில், எம் மகள் வற்புறுத்தி எம்மை ஒரு படத்திற்கு அழைத்துச் சென்றாள். சி. பிரேம்குமார் இயக்கிய '96' என்னும் படம் அது. இசை கோவிந்த் வசந்தா. பள்ளிப் பருவத்தில் ஒருவரையொருவர் நேசித்துப் பிரிந்த இருவர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஓர் இரவு சந்திக்கும் கதை. பாடகி எஸ். ஜானகியின் பெயரைத் தாங்கிய அப்பெண் பள்ளியில் நன்றாகப் பாடுபவள். யார் எதைக் கேட்டாலும் பாடுவாள். ஆனால் அவன் ஆசையோடு கேட்கும் ஒரு பாடலை மட்டும், 1991 இல் வெளிவந்த 'தளபதி' படத்திற்கு இளையராஜா இசையமைத்த ஒரு பாடலை மட்டும், அவள் பாடுவதே இல்லை. அந்த இரவில் அவன் வீட்டில் அவர்கள் இருக்கும்போது மின்சாரம் நின்றுவிடுகிறது. அவன் வெளிச்சம் தேடி நகர்கிறான். அந்த இருளில், அவன் கேளாமலேயே, அவள் அப்பாடலைப் பாடத் தொடங்குகிறாள். வாத்தியங்கள் இல்லை, ஒரு பெண்ணின் தனிக்குரல் மட்டும். அவன் இருட்டில் தடுமாறி, பதறி ஓடி வருகிறான்.

படத்தின் பின்னணி இசை அதுவரை நெஞ்சை வருடிக்கொண்டே வந்தது. ஆயினும் இயக்குநரும் இசையமைப்பாளரும் அந்த ஓர் இடத்தில் எல்லாக் கருவிகளையும் கீழே வைத்துவிட்டார்கள். கேட்டவனுக்குக் கேட்டது கிடைக்கும் நேரத்தில் வேறெந்த ஓசையும் குறுக்கே நிற்கலாகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கின்றது. அரங்கின் இருளில் நாம் அழுதோம். மகள் எம்மைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தாள். அப்பாவுக்கும் ஒரு பழைய காதல் இருந்திருக்கும் என்று அவள் எண்ணியிருக்கக்கூடும். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்தாவது ஒருத்தி பாடிவிட்டாளே, எமக்கு அந்த வாய்ப்பும் இல்லையே என்று நாம் அழுதது அவளுக்கு எப்படித் தெரியும்?

அதன்பின் வந்தது 2019 ஆம் ஆண்டின் தவக்காலம். எம் பங்கிற்குப் புதிதாய் வந்திருந்த உதவிப் பங்குத்தந்தை, பாடகர் குழுவினருக்கென்று மறைக்கல்வி மன்றத்தில் ஒரு பிரெஞ்சுப் படத்தைத் திரையிட்டார். சேவியர் பொவுவா இயக்கி, 2010 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் இரண்டாம் பெரும் பரிசைப் பெற்ற படம். 'மனிதர்களும் கடவுளரும்' என்பது அதன் பெயரின் பொருள். அல்ஜீரியா நாட்டில் திபிரின் என்னும் மலைச்சிற்றூரில் அட்லஸ் அன்னை மடத்தில் வாழ்ந்த டிராப்பிஸ்ட் துறவியரின் உண்மைக் கதை அது. சுற்றிலும் இஸ்லாமியர், அவர்களோடு உழுது, விதைத்து, அவர்கள் நோய்க்கு மருந்திட்டு வாழ்ந்தவர்கள் இத்துறவியர். உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர்களை வெளியேறும்படி பலரும் அறிவுறுத்தினர். அவர்கள் தங்கிவிட முடிவு செய்தனர். 1996 மார்ச் 26 நள்ளிரவை ஒட்டி எழுவர் கடத்திச் செல்லப்பட்டனர். மே மாதத்தில் அவர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தது. 2018 டிசம்பர் 8 அன்று ஓரான் நகரில், ஆயர் பியேர் கிளாவெரி உள்ளிட்ட அல்ஜீரிய மறைசாட்சியர் 19 பேருள் அவர்களும் அருளாளர்களாக உயர்த்தப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள்.

இப்படத்தில் உணர்ச்சியைக் கிளறும் பின்னணி இசை கிடையாது. துறவியர் நாள்தோறும் குறித்த வேளைகளில் கூடிப் பாடும் திருப்புகழ்மாலைதான் படத்தின் இசை. நடிகர்களே பயிற்சி பெற்று அதைப் பாடியிருக்கிறார்கள். தொழில்முறைப் பாடகரின் மெருகு அக்குரல்களில் இல்லை. முதியவர்கள் சேர்ந்து செபிக்கும் தளர்வும் உறுதியும் உண்டு. ஒரு காட்சியில் இராணுவ ஹெலிகாப்டர் ஒன்று சிற்றாலயத்தின் மேலே வந்து இரைகின்றது. துறவியர் ஒருவர் தோள்மீது ஒருவர் கைபோட்டு நெருங்கி நின்று, அந்த இரைச்சலுக்கு எதிராகத் தங்கள் பாடலை உயர்த்துகிறார்கள். "இதுதான் பாடகர் குழு!" என்று நாம் பெருமிதத்தோடு எம் குழுவினரைப் பார்த்தோம். எம் கொள்கைக்கு ஒரு சான்று கிடைத்துவிட்டது என்றே அப்போது எண்ணினோம்.

ஆனால் படம் அதோடு நிற்கவில்லை. அவர்கள் மேசையில் கடைசியாகக் கூடும் இரவு வருகின்றது. மருத்துவரான முதியவர் சகோதரர் லூக் இரண்டு புட்டித் திராட்சை இரசத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். பிறகு ஒரு பழைய ஒலிநாடாப் பெட்டியில் நாடாவைப் பொருத்திப் பொத்தானை அழுத்துகிறார். ஒலிப்பது திருப்பாடல் அன்று. இலத்தீன் கீதமும் அன்று. உருசிய இசைமேதை சைக்கோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்'! 1877 இல் மாஸ்கோவில் முதன்முதலாக அரங்கேறிய நாட்டிய நாடகத்தின் இசை. அன்னமாய் உருமாற்றப்பட்ட ஓர் இளவரசியின் காதல் கதைக்கு எழுதப்பட்ட இசை அது. நாட்டிய அரங்கின் இசை, உலகத்தின் இசை, அச்சிறு மடத்தின் உணவறையை நிறைக்கின்றது.

யாரும் பேசவில்லை. ஒளிப்படக் கருவி ஒவ்வொரு முகமாய்ச் சுற்றி வருகின்றது. முதலில் புன்னகை. நல்ல இரசத்தை நாவில் உணர்ந்த மகிழ்ச்சி, கூடப்பிறவாத சகோதரர்கள் கூடியிருக்கும் மகிழ்ச்சி. பின்பு இசை உயர உயர, அதே முகங்களில் கண்ணீர். வருவது இன்னதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கின்றது. அஞ்சுகிறார்கள், அஞ்சியும் தங்குகிறார்கள். லூக்காக நடித்த மைக்கேல் லான்ஸ்டேலின் முகத்தையும், தலைவர் கிறிஸ்தியானாக நடித்த லாம்பெர்ட் வில்சனின் முகத்தையும் மறக்க இயலாது. பெரிய வியாழனின் மேலறையைத் திரையில் இத்தனை அருகில் நாம் கண்டதில்லை.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது, குழுவின் இளம்பெண் ஒருத்தி கேட்டாள்: "ஃபாதர், சாகப் போறோம்னு தெரிஞ்சும் ஏன் ஒரு திருப்பாடலப் பாடல? ஏன் இந்தப் பாட்டு?"

கேள்வி எம்மை நோக்கி வீசப்பட்டதாகவே உணர்ந்தோம். உதவிப் பங்குத்தந்தை சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "திருப்பாடல அவங்க வாழ்நாள் முழுக்கப் பாடிட்டாங்கம்மா. அன்னிக்கு ஒருத்தர் தன்கிட்ட இருந்த நல்லத எல்லாருக்கும் கொடுத்தார். மத்தவங்க வாங்கிக்கிட்டாங்க. அதுவும் செபந்தானே?" என்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பொழுது விடியும் முன் எழுந்து பாட வேண்டிய துறவியர், தம் வாழ்வின் கடைசி விருந்தில் உலகத்தின் இசையைக் கேட்டு அழுதார்கள். விண்ணகம் அவர்களுக்கு மூடப்படவில்லை. எம் தமையன் தன் வாழ்வின் கடைசி மாலையில் ஒரே ஒரு பாடலைக் கேட்டார். அவருடைய விண்ணகத்தைக் காவல் காப்பதாக எண்ணி நாம் அதை மறுத்தோம். விண்ணகத்திற்குக் காவல்காரராய் எம்மை நியமித்தவர் யார்?

இந்த ஐயம் புதிதன்று. புனித அகுஸ்தீனார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் இதே முள்ளைத் தொட்டுப் பார்க்கிறார். பாடப்படும் பொருளைக் காட்டிலும் பாடும் குரலின் இனிமையில் உள்ளம் மயங்கிவிடும்போது தாம் தவறுவதாக அவர் வருந்துகிறார். ஆயினும், மனந்திரும்பிய தொடக்க நாட்களில் திருச்சபையின் பாடல்களைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரை நினைத்து, இசையை ஒதுக்கவும் மனமின்றித் தவிக்கிறார். அப்பெரியவரின் அச்சத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். அவருடைய கண்ணீரை விட்டுவிட்டோம்.

திருச்சபைத் தாயோ நம்மைவிடப் பரந்த மனத்தினள். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இரண்டு ஏடுகளை ஒரே நாளில் வெளியிட்டது. ஒன்று திருவழிபாடு பற்றியது. திருச்சபையின் இசை மரபை விலைமதிப்பற்ற செல்வமாகப் போற்றுவது. மற்றொன்று சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றியது. அச்சு, வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றோடு திரைப்படத்தையும் இறைவன் தந்த அறிவின் கொடையாகக் கருதிப் பேசுவது. பீடமும் திரையும் ஒரே நாளில் சங்கத் தந்தையரின் சிந்தையில் இருந்தன. திரைப்படம் தோன்றி நூறு ஆண்டு நிறைந்த 1995 இல் வத்திக்கானே 45 சிறந்த படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. காட்டு மக்கள் நடுவே இயேசு சபைக் குரு ஒருவர் ஓபோ என்னும் குழலை ஊதிக்கொண்டு தனியே அமர்ந்திருக்கும் காட்சியால் உலகப் புகழ் பெற்ற 'த மிஷன்' (1986) அப்பட்டியலில் உண்டு. இவற்றையெல்லாம் நாம் முன்பே படித்திருந்தோம். படித்ததை நெஞ்சில் இறக்க ஒரு சாவும் ஒரு படமும் தேவைப்பட்டன.

இவ்வளவில் நிறுத்தினால், இசை எல்லாப் புண்ணையும் ஆற்றும் என்று சொல்லிவிட்டதாகும். அது உண்மையன்று. அந்த ஆண்டின் விடுமுறையில் மகளின் மடிக்கணினியில் வேறு இரண்டு படங்களைக் கண்டோம். அவை எம்மை நிதானப்படுத்தின.

ஒன்று, போலந்து இயக்குநர் பாவெல் பாவ்லிகோவ்ஸ்கியின் 'இடா' (2013). கறுப்பு வெள்ளைப் படம். சிறந்த அயல்மொழிப் படத்திற்கான ஆஸ்கர் விருதை 2015 இல் பெற்றது. கதை நிகழ்வது 1960களின் தொடக்கத்தில். கன்னியர் மடத்தில் வளர்ந்து, வார்த்தைப்பாடு கொடுக்க இருக்கும் ஓர் இளம்பெண், தான் யூதப் பெற்றோரின் மகள் என்பதையும், அவர்கள் போர்க்காலத்தில் கொல்லப்பட்டனர் என்பதையும் தன் சிற்றன்னையிடமிருந்து அறிகிறாள். அச்சிற்றன்னை அறிவாளி, ஒரு காலத்தில் அதிகாரத்தில் இருந்தவள், உள்ளே முற்றிலும் உடைந்தவள். ஒருநாள் காலை அவள் மோட்சார்ட்டின் 41ஆம் சிம்பனியை இசைத்தட்டில் உரக்க ஒலிக்க விடுகிறாள். கம்பீரமும் களிப்பும் பொங்கும் இசை. அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சாளரத்தின் வழியே தன் வாழ்வை முடித்துக்கொள்கிறாள். இசைத்தட்டு சுழன்றுகொண்டே இருக்கின்றது. வெறுமையான அறை, நிறைவான இசை. அந்தக் கொடுமையை எவ்வாறு சொல்வது! மோட்சார்ட்டாலும் காக்க இயலாத துயரம் உண்டு. அவளுக்கு வேண்டியிருந்தது பாடல் அன்று; பக்கத்தில் ஓர் ஆள்.

இப்படத்தில் கேட்கும் இசையெல்லாம் காட்சிக்குள்ளிருந்தே வருவது: உணவு விடுதியின் இசைக்குழு, வானொலி, இசைத்தட்டு. இறுதியில் மட்டும், துறவாடை அணிந்த இடா ஒற்றைப் பாதையில் விரைந்து நடக்கும்போது, யாரும் வாசிக்காத ஓர் இசை எங்கிருந்தோ பியானோவில் எழுகின்றது. ஆண்டவரை நோக்கிக் கூவியழைக்கும் மன்றாட்டுப் பாடலொன்றை வைத்துப் பாக் அமைத்த இசை அது. படம் முழுவதும் பூமியிலிருந்து வந்த இசை, கடைசியில் வேறெங்கிருந்தோ வருகின்றது. அவள் எங்கே போகிறாள் என்பதை இயக்குநர் சொல்லவில்லை. எம் மனத்திற்கு அது சொல்லப்பட்டுவிட்டதாகவே தோன்றியது.

மற்றொன்று, மார்ட்டின் ஸ்கோர்செசியின் 'சைலன்ஸ்' (2016). ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் ஷூசாகு எண்டோ 1966 இல் எழுதிய நாவலைத் தழுவியது. பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் கிறிஸ்தவர் பட்ட துன்பத்தைச் சொல்வது. படம் தொடங்கும்போது திரை இருண்டிருக்கின்றது. பூச்சிகளின் ஒலி மட்டும் எழுந்து, பெருகி, காதை அடைக்கும் அளவுக்கு ஓங்குகின்றது. திடீரென அறுந்து அமைதியாகின்றது. அந்த அமைதியில் படத்தின் பெயர் தோன்றுகின்றது. பிறகு படம் முழுவதும் காற்று, மழை, அலை, பூச்சி இவையே இசை. இசை என்று தனித்து உணரும்படி ஏதும் காதில் விழுவதே அரிது.

அதில் ஒரு காட்சி, கடற்கரையில் பிறந்த எம்மால் காணப் பொறுக்காதது. மொக்கிச்சி என்னும் ஏழை விசுவாசியும் அவன் தோழர்களும் கடலோரத்தில் சிலுவைகளில் கட்டப்படுகிறார்கள். ஓதம் ஏற ஏற, அலை முகத்தில் அறைகின்றது. மற்றவர்கள் மாண்ட பின்னும் மொக்கிச்சி உயிரோடிருந்து, நைந்த குரலில் ஒரு ஞானப்பாடலைப் பாடுகிறான். கரையில் நிற்பவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பதன்றி வேறொன்றும் செய்ய இயலாது. அலைக்கும் பாடலுக்கும் நடக்கும் அப்போரில் பாடல் சிறுகச் சிறுகத் தேய்ந்து போகின்றது. பின்னணியில் நூறு வயலின்கள் எழுந்து நம்மைத் தேற்ற வரவில்லை. படத்தின் உச்சக் காட்சியிலோ, குரு தன் வாழ்வின் மிகக் கடினமான அடியை எடுத்து வைக்கும் நொடியில், ஒலி அனைத்தும் அற்றுவிடுகின்றது. இறைவனின் மௌனம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதற்குள்ளே நம்மை நிறுத்திவிடுகிறார் இயக்குநர். அந்த மௌனத்திற்குள்ளிருந்துதான் அவர் குரல் கேட்கின்றது.

இப்படங்கள் எமக்குக் கற்றுத் தந்தவை எளியவை. வேறுபட்ட நாடுகளில், வேறுபட்ட கைகளால் ஆனவை எனினும், பாடலுக்கு உரிய நேரத்தையும் மௌனத்திற்கு உரிய நேரத்தையும் அவை அறிந்திருந்தன. எந்தப் பாடல் உயர்ந்தது என்று அவை கேட்கவில்லை. இந்த மனிதனுக்கு இந்நேரத்தில் எது தேவை என்று கேட்டன. நாமோ முப்பது ஆண்டுகளாகப் பாடல்களைத் தரம் பிரிப்பதிலேயே கவனமாயிருந்தோம். நற்கருணைக்குப் பின் ஒரு நிமிட இடைவெளி கிடைத்தாலும் அதை ஆர்மோனியத்தால் அடைத்துவிடுவோம். மக்கள் அமைதியாய் இருந்தால் பாடகர் குழு கடமை தவறிவிட்டதுபோல் எமக்குத் தோன்றும். உரிய நேரங்களில் புனித அமைதி காக்கப்பட வேண்டும் என்று திருவழிபாட்டு ஏடு சொல்லியிருப்பதை நாமே குழுவினருக்கு வகுப்பெடுத்திருக்கிறோம்; கைகள் மட்டும் கேட்கவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தூய நீர் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்து முடித்துக் குருவானவர் சென்றார். மெழுகுதிரிகள் பாதி எரிந்திருந்தன. கூட்டம் கலைந்தபின், தமையனாரின் கல்லறையருகே அண்ணியாரும் நாமும் மட்டும் நின்றிருந்தோம். கடற்காற்று திரிகளை அணைப்பதும், அண்ணியார் குனிந்து அவற்றை மீண்டும் ஏற்றுவதுமாய் இருந்தது. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, நாம் தாழ்ந்த குரலில் அந்தப் பழைய பாடலைப் பாடினோம். இரண்டு சரணங்களும் நினைவிலிருந்தன. தொண்டை அடைத்ததால் சுருதி சேரவில்லை.

பாடி முடித்து, அந்த மாலையில் நடந்ததை அண்ணியாரிடம் முதன்முறையாகச் சொன்னோம். அண்ணன் கேட்டதையும், நாம் மறுத்ததையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டோம்.

அவர்கள் வியப்படையவில்லை. "எனக்குத் தெரியும் தம்பி. நான் அடுக்களையில இருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார்கள். பிறகு திரியை ஏற்றிக்கொண்டே சொன்னார்கள்: "நீங்க போன பிறகு நான் பாடினேன். எனக்கு எங்க பாட வரும்? பாதி வரி தெரியாது. தெரிஞ்சத ரெண்டு மூணு தடவ பாடினேன். அவரு சிரிச்சாரு. அதுக்குப் பிறகு 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னாரு. ரெண்டு பேருமா சொல்லிக்கிட்டே இருந்தோம். அப்படியே தூங்கிட்டாரு."

நாம் நெடுநேரம் பேசவில்லை. முப்பது ஆண்டு ஆர்மோனியம் வாசித்தவன் மறுத்த பாடலை, பாடத் தெரியாத ஒரு பெண் பாடியிருக்கிறாள். அந்தப் பாடல் அவரைச் செபத்திலிருந்து விலக்கவில்லை; செபத்திற்கே அழைத்துச் சென்றிருக்கின்றது. இருபது ஆண்டுகளாய் விலகியிருந்தவர், தாமே கேட்டு, தம் வாயால் மரியாவை வாழ்த்திக்கொண்டே கண்மூடியிருக்கிறார். இறைவன் தம் பிள்ளைக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பித்துவிட்டார். எம் வழியாய்ச் சேர்ப்பிக்க அவர் முதலில் எம்மிடம் வந்தார் என்பதும், நாம் 'முடியட்டும்' என்றோம் என்பதும்தான் எம் நெஞ்சில் எஞ்சிய துயரம். ஆறுதலும் துயரமும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை அத்துறவியரின் முகங்களில் முன்பே கண்டிருந்தோமே!

இப்போதும் எம் பங்கில் திருப்பலிக்குத் திரைமெட்டு நுழைவதில்லை. அதில் எமக்குத் தயக்கமில்லை. ஆனால் நற்கருணைக்குப் பின் சிறிது நேரம் ஆர்மோனியத்தை விட்டுக் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொள்கின்றோம். முதல் சில வாரங்கள் மக்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மின்சாரம் நின்றுவிட்டது என்று எண்ணினார்கள் போலும். இப்போது அவர்களும் பழகிவிட்டார்கள். நோயாளியரைச் சந்திக்க அன்பியத்தாரோடு செல்லும்போது, செபத்தைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்கின்றோம்: "உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?" பெரும்பாலோர் மாதா பாடலையே கேட்கிறார்கள். சிலர் வெட்கத்தோடு வேறொன்றைச் சொல்கிறார்கள். அதைப் பாடிவிட்டுத்தான் செபமாலையைக் கையில் எடுக்கின்றோம்.

அன்பு வாசகரே, உங்கள் வீட்டிலும் ஒரு கட்டில் இருக்கலாம். அதில் கிடப்பவர் ஒருநாள் உங்கள் கையைத் தொட்டு ஏதேனும் கேட்கலாம். குரல் நன்றாயில்லையே என்று எண்ண வேண்டாம். இது தகுமா என்று ஆராயவும் வேண்டாம். தெரிந்த இரண்டு வரியைப் பாடிவிடுங்கள். மிச்சத்தை இறைவன் பார்த்துக்கொள்வார்.